செத்த பிளவும் வெள்ளிக்கிழமை அதிர்வும்

மே 11, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. செனாய் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை. ஆபீஸுக்குத் தாமதம். யாரும் கவனிக்கவில்லை, எல்லாரும் சிவா வாங்கிய புது காபி மெஷினைச் சுற்றி நின்றார்கள்.

சிவா என் மேனேஜர். என்னைவிட வயதில் சின்னவன், லண்டனில் படித்தவன். இரண்டாவதை வாரம் ஒருமுறையாவது நினைவுபடுத்துவான். நிலநடுக்கம் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்லைடில் எந்த நிறத்தில் போட்டால் எடுப்பாக இருக்கும் என்பதுதான்.

வேலை இதுதான். கோத்தா திங்கி தாண்டிக் கடலோரம் ஒரு நிலம். அணுமின் நிலையத்துக்குத் தோதா என்று ஆரம்ப ஆய்வு. எதுவும் முடிவாகவில்லை. ஆனால் செடெனாக்கில் டேட்டா சென்டர்கள் கரன்ட் குடிக்கிற வேகத்தில் எல்லாருக்கும் அவசரம். நிலத்துக்குப் பக்கத்தில் பழைய பிளவு ஒன்று ஓடுகிறது. அது செத்ததா, இனியும் அசையக்கூடியபடி உயிரோடு இருக்கிறதா? நாங்கள் சொல்ல வேண்டியது அவ்வளவே. "செத்தது" என்று சிவா எழுதி முடித்துவிட்டான். என் கையெழுத்து பாக்கி. ஆபீஸில் பதிவு பெற்ற நிலவியலாளர் நான் ஒருத்திதான்.

"வெள்ளிக்குள்ள சைன் பண்ணிடுங்க அக்கா. டத்தோ கேக்குறாரு."

டத்தோ, முதலாளி. பாறைக்கும் சிமெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

வாங்க வேண்டியது: தக்காளி, வீட்டுக்காரருக்குப் பிரஷர் மாத்திரை, குடை (சிவா எடுத்துப் போனது திரும்பாது).

மே 12, செவ்வாய்

மழை விட்டது. புழுக்கம்.

ஜனவரியிலிருந்து பிளவை ஒட்டிய செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் ஆட்டத்தைப் பதியும் மூன்று கருவிகள் வைத்திருக்கிறோம். பகலில் பதிவான சின்ன ஆட்டங்களை எல்லாம் சிவா நீக்கியிருக்கிறான். காரணம்: "கல்குவாரி வெடி". அங்கே ஒரு குவாரி உண்டு, பகலில்தான் வெடி வைப்பார்கள், ஆகவே பகலில் ஆடினால் குவாரி. குவாரிக்கு ஒரு போன்கூடப் போடவில்லை. லண்டன் படிப்பு.

பாய் கடையில் டீ. பாய் சொல்கிறார்: "நிலநடுக்கம்லாம் இந்தோனேசியாக்காரன் சாமான் லா. நமக்கு எதுக்கு?" போன வருடம் சிகாமட் பக்கம் ஆடிய அன்று இதே பாய்தான் கல்லாவை விட்டு ரோட்டுக்கு ஓடினார்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தங்கச்சி: அணு உலை குண்டு மாதிரி வெடிக்குமாம், சிங்கப்பூர் வரை சாம்பலாம். இந்தப் பக்கமும் முட்டாள்கள்தான். பொறுமையாக எழுதினேன். ஆட்டம் வந்தால் உலை தானே நின்றுவிடும். நின்ற பிறகும் உள்ளே சூடு இருக்கும், அதைத் தணிக்கத் தண்ணீர் ஓட வேண்டும். பம்ப், குழாய், ஜெனரேட்டர், இவை எவ்வளவு ஆட்டம் தாங்க வேண்டும் என்று கட்டும் முன்பே கணக்குப் போட வேண்டும். பிளவு செத்தது என்று பொய் சொன்னால் அந்தக் கணக்கே பொய்.

பதில்: தாமரைப்பூ படம், "இனிய காலை வணக்கம்". அப்போது மணி மாலை ஆறு.

மே 13, புதன்

சிவா நீக்கியதை எல்லாம் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஒரு ஆட்டம் வெள்ளிக்கிழமை, தொழுகை நேரம். குவாரியில் வெடி வைக்கிறவர் மலாய்க்காரர். அந்த நேரத்தில் பள்ளிவாசலில் இருப்பார். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது தோன்ற வேண்டாமா?

மேலும் பார்த்தேன். வேறு வெள்ளிக்கிழமைகளிலும் உண்டு. ராயா பெருநாள் வாரத்திலும் உண்டு. குவாரிக்குப் போன் போட்டேன். ஒரு தமிழ்ப் பெண் எடுத்தாள். "ராயாவுக்கு ஒரு வாரம் மூடிட்டோம் கா. வெடி வைக்கிறவரு சொந்த ஊரு கிளந்தானுக்கே போயிட்டாரு."

ஆட்டம் வந்த இடங்களுக்கு வரைபடத்தில் புள்ளி வைத்தேன். பிளவு ஓடும் திசையிலேயே வரிசையாக விழுந்தன.

சிவாவிடம் காட்டினேன். "சின்னச் சின்ன ஆட்டம் லா அக்கா. வேற குவாரி இருக்கும்." எங்கே? "இருக்கும்."

இரவுச் சாப்பாட்டில் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இவரும் நிலவியலாளர்தான், அரசாங்கத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர். அந்தப் பிளவை வரைபடத்தில் போட்டு "செத்தது" என்று குறித்ததே இவர்தான். சிரித்தார்.

"நான் காட்டுல நடந்து நடந்து போட்ட மேப்பு அது. நீ ஏசி ரூம்ல உக்காந்து வெள்ளிக்கிழமை கணக்கு சொல்ற."

மீன் முள்ளைத் தொண்டையில் விட்டுக்கொண்டேன். கோபம்.

மே 15, வெள்ளி

டத்தோ அறை. என் நிபந்தனை: "தெரியவில்லை" என்று எழுதுங்கள். பிளவுக்குக் குறுக்கே குழி வெட்டி, புது மண் அடுக்கு அறுந்திருக்கிறதா என்று பார்ப்போம்; அறுந்திருந்தால் பிளவு உயிரோடுதான். கருவிகளை இன்னும் ஒரு வருடம் வைப்போம்.

"குழி வெட்டவெல்லாம் டைம் இல்ல பரமேஸ்வரி. கிளையன்ட் வெயிட் பண்றாங்க."

"அப்ப கையெழுத்தும் இல்ல டத்தோ."

சிரித்தார். "சரி லா. வேற ஆளப் பாக்குறேன்."

பார்க்கட்டும். இதற்குக் கையெழுத்துப் போடுகிற மடையன் இந்த மாநிலத்தில் எவன் இருக்கிறான்? மனசு லேசு. பாய் கடையில் ரொட்டி சானாய் இரண்டு. மாத்திரை வாங்க மறந்தாச்சு.

மே 17, ஞாயிறு

நல்ல வெயில். துணி சீக்கிரம் காய்ந்தது.

காலையில் இவர் கல்யாணத்துக்குப் போடும் பாத்தேக் சட்டையில். வாசலில் டத்தோவின் கார். "சும்மா, கோப்பி குடிக்க."

மத்தியானம் முகமெல்லாம் வெளிச்சமாகத் திரும்பினார். சோற்றில் கை வைத்தபடி, "சைன் பண்ணிட்டேன் பரமேஸ்."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். இவருடைய பதிவு இன்னும் செல்லுபடியாகும். வருடா வருடம் புதுப்பித்து வைத்தது நான். வீட்டில் உட்கார்ந்த மனுஷன் மனம் ஒடியக்கூடாது என்று.

"காசு எவ்வளவு குடுத்தாரு?"

"காசா? சீ! என் மேப்பு மேல எனக்கே நம்பிக்கை இல்லன்னா எப்படி?"

காசுக்குப் போட்டிருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். நம்பிப் போட்டவரை என்ன செய்வது? நான் சொன்னதை எல்லாம் கேட்ட பிறகு போட்டிருக்கிறார். அதற்கென்று ஒரு பாராவும் எழுதியிருக்கிறார்: அருகில் அனுமதியில்லாத குவாரி இருக்கக்கூடும். அந்த வெடிகாரர் தொழவும் மாட்டார், ராயாவும் கொண்டாட மாட்டார் போல.

பாத்திரத்தைப் போட்டது போட்டபடி விட்டு எழுந்து வந்துவிட்டேன்.

மே 18, திங்கள்

மேகமூட்டம். லீவு சொன்னேன். சிவா தம்ஸ்அப் அனுப்பினான்.

நிலவியலாளர் பதிவு வாரியத்துக்கு மின்னஞ்சல். கருவிப் பதிவுகள், புள்ளி வைத்த வரைபடம், குவாரியின் விடுமுறை விவரம். யார் மீது புகார் என்ற இடத்தில் இவருடைய முழுப்பெயர், தகப்பன் பெயரோடு. தட்டும்போது அழுகை வந்தது. இத்தனை பேரில் இன்னும் நான் மதித்தது இந்த ஒரு ஆளைத்தான்.

அனுப்பிவிட்டேன்.

கூடத்திலிருந்து இவர்: "பரமேஸ், டத்தோ ஆபீஸ்ல இருந்து ரிப்போர்ட் காப்பி அனுப்புவாங்களாம். வந்தா படிச்சுச் சொல்லு."

இவருக்கு மின்னஞ்சல் திறக்கத் தெரியாது. வருவதை எல்லாம் நான்தான் வாசித்துக் காட்டுவேன். வாரியத்தின் நோட்டீசும் அதே மின்னஞ்சலுக்குத்தான் வரும்.

"வந்தா சொல்றேன்" என்றேன்.