பனிக்கு அடியில் வேலை நிற்பதில்லையாம்

அன்புள்ள மகள் சுபிஷாவுக்கு,

ரோலாவிலிருந்து அம்மா எழுதுவது. ஆண்டவர் அருளால் இங்கே எல்லாரும் சுகம், நார்வேயில் நீயும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். எனக்கு ஞாபகம் பிசகிவிட்டது, அதனால்தான் நீ வரமுடியாத தேதியைக் குறித்துவிட்டேன் என்று உன் அண்ணன் பெபின் இங்கிருந்து நம் ஊர் குளச்சலிலுள்ள சொந்தக்காரர்களுக்கெல்லாம் போனில் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஞாபகம் பிசகவில்லை. அப்பா கல்லறையில் சிலுவை நாட்டி ஜெபித்து மந்திரிப்பதை ஜனவரி இரண்டாம் சனிக்கிழமை என்று பங்குச்சாமியாரிடம் நான் யோசித்துத்தான் சொன்னேன். இங்கே வளைகுடாவில் வெயில் உச்சத்தில் மதியம் கட்டட சைட்டில் வேலையை நிறுத்துவார்கள், பள்ளிக்கூடம் அடைப்பார்கள், ஜனங்கள் லீவில் ஊருக்குக் கிளம்புவார்கள். அதுபோல அங்கே பனி மூடினால் மண்ணிலிருக்கும் நுண்ணுயிர்கள் உறைந்து கிடக்கும், அவற்றை ஆராயும் உனக்கும் லீவு கிடைக்கும் என்று நினைத்தேன். பெபினும் என் பேச்சைக் கேட்டு ஜூலையில் ஊருக்குப் போகாமல் லீவை ஜனவரிக்கு மாற்றினான். இப்போது நீ, பனிக்காலம்தான் முக்கியம், மண் எடுக்காமல் வரமுடியாது என்கிறாய்.

நீ போனில் சொன்னதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி மூன்று முறை வாசித்தேன். பனி கனமாகக் கிடந்தால் போர்வை மாதிரி, அடியில் மண் அவ்வளவாகக் குளிராது, நுண்ணுயிர்கள் உதிர்ந்த இலையைத் தின்று பெருகும் என்றாய். சரி. பனி உருகியதும் நிறையச் செத்துப்போகும் என்றாயே, அதுதான் புரியவில்லை. குளிரில் பிழைத்தது இளஞ்சூட்டில் ஏன் சாகவேண்டும்? செத்தவை செடிக்கு உரமாகும், கோடைக்கு வேறு கூட்டம் பெருகும் என்றால், அந்தக் கூட்டம் அதுவரை எங்கே இருந்தது? கன்னியாஸ்திரிகள் எனக்கு விஞ்ஞானம் ஒழுங்காகத்தான் சொல்லித்தந்தார்கள், இது பாடத்தில் இல்லை. அடுத்த பிளாட் ஹாலிதாவிடம் சொன்னேன், பிள்ளைகள் வராததற்கு இப்போது புழுபூச்சியும் காரணமா மாமி என்று சிரித்தாள். நீ சாக்குச் சொல்கிறவள் இல்லை என்று அவளிடம் சொல்லிவிட்டேன். ஆனாலும் பனியில் வேலை, உருகும்போது அதைவிட வேலை, கோடையில் புதுக்கூட்டம் என்றால் நீ எப்போதுதான் வருவாய்? அப்பா அடக்கத்துக்கும் நீ வந்து சேரவில்லை. நீ இல்லாமல் சிலுவை நாட்ட எனக்கு மனமில்லை. தேதியை நிறுத்திவைக்கச் சாமியாரிடம் சொல்லிவிட்டேன், பெபின் இரண்டு நாளாக என்னிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை.

கம்பளிக் காலுறை இரண்டாகப் போடு, ரொட்டியே தின்று நாளைக் கழிக்காதே. மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும். போனில் கேட்டால் எனக்குக் குழம்பிப்போகிறது, ஆகவே எந்த மாதம் வருவாய் என்று தாளில் எழுதித் தபாலில் அனுப்பு.

உன் அம்மா,
செலின் மேரி