இருளாயிக்கு வரவேண்டிய கோப்பை

2025 ஆகஸ்ட் 16, சனி

கடைசி லீக் ஆட்டத்தில் சோழவந்தான் அணியிடம் தோற்றோம். பசுமலை அணிக்காக நான் ஆஸ்திரேலியக் கால்பந்து ஆட வந்து மூன்று வருடம். அவர்கள் அணிக்கு இருளாயி கபடியிலிருந்து வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை, எங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிறாள். இன்று பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன், பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்தாள். என் கால்தான் சேற்றில் வழுக்கியது. இருவரும் விழுந்தோம். நடுவர் திரும்பியபோது அவள் கை என் கரண்டைக்கால் பக்கம் கிடந்தது. இந்த ஆட்டத்தில் இடுப்பைப் பிடிக்கலாம், முழங்காலுக்குக் கீழே பிடித்தால் குற்றம். “கபடிக்காரியில்ல, பழக்கதோஷத்துல காலைப் பிடிச்சுட்டா சார்!” என்று எங்கள் பெண்கள் கத்த, நடுவர் எழுதிக்கொண்டார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

விசாரணை. கமிட்டித் தலைவர் இன்பசேகரன் சார் கேட்டார்: “காலைப் பிடிச்சாளாம்மா?” இருளாயி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பிடிச்ச மாதிரி இருந்துச்சு சார்.”

அவளுக்கு ஒரு ஆட்டம் தடை. அந்த ஆட்டம்தான் ஃபைனல், எங்களோடு.

ஏன் சொன்னேன்? தடை வாங்கியவளுக்கு சீசனின் சிறந்த வீராங்கனை கோப்பை கிடையாது. நல்லா ஆடினா மட்டும் பத்தாது, நேர்மையாவும் ஆடியிருக்கணும் — அதான் விதி. தெரிஞ்சேதான் சொன்னேன்.

ஆகஸ்ட் 23, சனி

ஃபைனல் ஜெயிச்சுட்டோம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மதியம் ஓட்டு எண்ணினார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சிறந்த மூவருக்கு மூன்று, இரண்டு, ஒன்று என்று நடுவர் புள்ளி எழுதி ஒட்டிவைத்த கவர்கள். இருளாயி பதினேழு. நான் பதினாலு. அவளுக்குத் தகுதியில்லை என்று சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். அவளும் கைதட்டினாள். அம்மா கோப்பையைப் படமெடுத்து சர்ச் குரூப்பில் போட்டுவிட்டாள். ஒரே வாழ்த்து மழை. எரிச்சலாக வருகிறது.

செப்டம்பர் 7, ஞாயிறு

சர்ச்சில் திருவிருந்து அப்பம் வாங்க எல்லோரும் எழுந்து போனார்கள். அந்தப் பொய்யோடு அதை வாங்கக் கூடாதென்று நான் பெஞ்சிலேயே இருந்தேன். “என்னடி ஜாய்ஸ், மேலுக்கு முடியலையா?” — அம்மா. ஆமா என்றேன். கோயிலுக்குள்ளயும் பொய். ச்சே, என்ன பிறவி நான்?

செப்டம்பர் 8, திங்கள்

இன்பசேகரன் சார் வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டேன். “உன்னை நம்பித்தானம்மா தடை போட்டோம்” என்றார், அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். சாயங்காலமே கமிட்டி கூடியது. அவள் தடை ரத்து, கோப்பை அவளுக்கு. எனக்கு அடுத்த சீசன் முழுக்கத் தடை. ஃபைனல் முடிவை மட்டும் மாற்ற முடியாதாம். கோப்பையை நானே கொண்டுபோகிறேன் என்று கேட்டுக்கொண்டேன்.

செப்டம்பர் 13, சனி

சோழவந்தான் போனேன். கொடிக்காலில் இருளாயி அப்பாவோடு வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவள் அப்பா காளை கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எம்மகதேன் மொதல்ல வந்துருக்காளா?” அவருக்கு அம்புட்டுச் சந்தோஷம்.

இருளாயி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “கப்பு வந்துருச்சு, சரிக்கா. ஃபைனல்ல தோத்துட்டு எங்க புள்ளைக எல்லாரும் என்னையக் கட்டிக்கிட்டு அழுதாளுகளே. அந்த ஆட்டத்தை எப்பிடிக்கா திருப்பிக் குடுப்பீக?”

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. பிறகு வெற்றிலை அடுக்கப் போய்விட்டாள்.