கொட்டிய தண்ணீரையும் எண்ணினோம்

என் வாண்டுக்கு அப்பா சொல்லி எழுதுவது. இங்கே நான் சுகம், உன் அம்மாவின் மூச்சும் சுகம், வாய் அதைவிடச் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். எழுதுகிறவர் மாடி வீட்டுத் தையல்காரர், மெதுவாச் சொல்லுங்கண்ணே, என் கை என்ன மிஷினா என்று இப்போதே முறைக்கிறார்.

அம்மாவுக்கு மருந்தைப் பனி மாதிரி ஊதுகிற கருவிக்கு நீ செய்த புது சர்க்யூட் பிரமாதம் என்று போனில் சொன்னேனே, அதை நம்பி நீயும் உன் மேலதிகாரியிடம் சொல்லிவிட்டாயே, அந்த வார்த்தையைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். நீ சொன்னபடி மருந்துக்குப் பதில் உப்புத் தண்ணீர்தான் ஊற்றினேன், ஒரு கிண்ணத்துக்கு ஒரு பட்டன் என்று டப்பாவில் போட்டு எண்ணினேன், ஒரு தடவை சார்ஜ் போட்டால் பழசு ஒன்பது கிண்ணம், உன்னுடையது இருபத்திரண்டு. ஆனால் பத்து நிமிஷம் ஆனதும் அடியில் கிடந்ததைக் கொட்டிவிட்டுத்தான் அடுத்ததை ஊற்றியிருக்கிறேன். உன் அம்மா பார்த்துவிட்டு, ஊத்துறதை எண்ணுற மனுஷன் கொட்டுறதையும் எண்ணக் கூடாதா என்றாள். மறுநாள் எதிரே கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தேன். கிண்ணம் நிறைந்திருந்தால் உள்ளங்கை அகலத்துக்குப் பனி படிகிறது, கால் கிண்ணத்துக்குக் கீழே போனால் பொட்டு அளவுதான், பச்சை விளக்கு மட்டும் ஜம்மென்று எரிகிறது. பழசு கடைசிச் சொட்டு வரை ஊதுகிறது. ஆக, நீ மிச்சம் பிடித்த கரண்டில் கொஞ்சம் அம்மா மூச்சிலிருந்து பிடித்தது.

இதற்காக முகத்தைத் தொங்கப் போடாதே. தண்ணீரை அதிரவைத்துப் பனியாக்குகிற பீசோ தகட்டுக்குள் போன கரண்டைச் சூடாக்கி வீணடிக்காமல், காயில் என்கிற கம்பிச் சுருள் வழியாகத் திரும்ப வாங்கி அடுத்த துடிப்புக்குக் கொடுக்கிறேன் என்றாயே, நான் முப்பத்தொரு வருஷம் ஓட்டிய லிஃப்டில் இறங்குகிற எடை ஏறுகிற பெட்டியைத் தூக்கிவிடுமே, அதே வேலைதான். கருவியைத் தொட்டுப் பார்த்தேன், சூடே இல்லை. ஆனால் ஆள் குறைந்தால் லிஃப்டின் நடை மாறும், அதற்குத் தக்கபடி கைப்பிடியைப் பிடிப்பேன். தண்ணீர் குறைந்தால் உன் தகட்டின் நடையும் மாறாதா? நீ அதை ஒரே துடிப்பில் தட்டிக்கொண்டிருக்கிறாய் என்று தோன்றுகிறது. தண்ணீர் இறங்க இறங்க உன் துடிப்பும் கூடவே மாறட்டும்.

உன் மேலதிகாரி வெள்ளிக்கிழமை இந்த சர்க்யூட்டுக்குச் சரி என்று கையெழுத்துப் போடுவதற்குள் அவரிடம் போய், தப்பா எண்ணினது எங்கப்பா என்றே சொல்லு, என் மானம் ஒன்றும் கப்பலேறாது. சொட்டு மிச்சமில்லாமல் ஊதவிட்டு எண்ணினாலும் பதினாலு வருகிறது, பழசைவிட ஐந்து கூட. அது உன் உழைப்பு, யாரும் பிடுங்க முடியாது.

நீ நூறு வயசு நன்றாக இருக்க இருவரும் ஆசீர்வதிக்கிறோம். சரிசெய்ததை மறக்காமல் அனுப்பு, கண்ணாடியைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
(பெருவிரல் ரேகை என்னுடையது, மைக்கறை தையல்காரருடையது)