அரிசி மூட்டை மேல் பிரிக்காத பெட்டி

அன்பு மகள் தமிழ்வாணிக்கு,

அம்மா எழுதுவது. முத்தாலம்மன் புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் தம்பி பீமாராவும் சுகமாக இருக்கிறோம், டெல்லிக் குளிர் உன்னை ரொம்பப் படுத்தாமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். போன் இருக்கும்போது எதற்கு லெட்டர் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொன்னால் நீ நாலு வார்த்தை பேசுவாய், அப்புறம் உன் குரல் கம்மும், எனக்கும் அழுகை வந்து சொல்ல வந்ததைச் சொல்லாமலே வைத்துவிடுவேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டுக் கூப்பிடு, பாதியில் கூப்பிட்டால் எடுக்க மாட்டேன்.

மழை எழுமலை வரைக்கும் வந்துவிட்டு நம் காட்டுக்கு வராமல் திரும்பிப் போய்விட்டது, சோளம் ஏதோ தாக்குப்பிடித்து நிற்கிறது. தம்பி ஒன்பதாம் வகுப்புக்கு வந்த பிறகு தலைமுடியைச் சீவுகிற நேரத்தில் பாதிகூடப் படிப்பதில்லை, நீ கேட்டால் மட்டும் பயப்படுகிறான், கொஞ்சம் கேள். உன் அப்பாவைத்தான் கையில் பிடிக்க முடியவில்லை. உன் ஆராய்ச்சி பேப்பரில் வந்த அன்றைக்கே அதைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்தவர், இன்னும் அதோடுதான் அலைகிறார். டீக்கடையில் முத்துப்பாண்டி அண்ணனிடம், "எம் மக எழுதுனதுண்ணே, சர்க்காரே கேட்டு வாங்குது" என்று அவர் குடிக்கிற டீ ஆறும் வரைக்கும் சொல்கிறாராம். ராத்திரி சட்டையைக் கழற்றினால் அந்தத் துண்டை அம்பேத்கர் படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டுத்தான் படுக்கிறார். எனக்கு மட்டும் பெருமை இல்லையா, நானும் அன்றைக்குக் கேசரி கிண்டி நாலு வீட்டுக்குக் கொடுத்தேன்.

பேப்பரை எனக்கு முழுவதும் வாசித்துக் காட்டியது முத்துமீனா டீச்சர்தான். ரெண்டு வருஷமாக நம் பள்ளிக்கு எழுமலையிலிருந்து பஸ்ஸில் வந்து கணக்குச் சொல்லிக்கொடுக்கிற தற்காலிக டீச்சர், உனக்கும் போனில் பேசவிட்டேனே, அந்தப் பிள்ளை. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் ரொம்பக் கீழே கிடந்த பள்ளிகளுக்குப் பாடம் நடத்துகிற பெரிய டிவி கொடுத்தார்கள், மறு வருஷமே முக்கால்வாசிப் பள்ளிகள் ஏறிவிட்டன, அதனால் டிவி நன்றாக வேலை செய்கிறது என்று போட்டிருந்தது. ஏறிய பள்ளிகளில் நம் பள்ளி பெயரும் இருந்தது. கடைசியில், இனித் தற்காலிக ஆசிரியர்களுக்குச் செலவழிக்கிற பணத்தையும் டிவிக்கே திருப்பலாமா என்று அடுத்த மாதம் மதுரையில் கூட்டம் போட்டு முடிவு செய்யப் போகிறார்கள் என்றும், அந்தக் கூட்டத்தில் உன்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றும் இருந்தது. அந்த இடம் வந்ததும் டீச்சர் வாசிப்பதை நிறுத்திவிட்டாள். உன் அம்மாவிடம் உன்னைக் குறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, பேப்பரை மடித்துக் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஏன் என்று சொல்கிறேன், பதறாமல் படி. அந்த டிவி பள்ளியில் நான் சமைக்கிற சத்துணவு அறையில் இருக்கிறது தாயி. அரிசி மூட்டை மேல், வந்த பெட்டியோடு, ஒட்டின டேப்புகூடப் பிரிக்காமல் இருக்கிறது. ஹெச்.எம். அறை ஒழுகுகிறது என்று என்னிடம் வைக்கச் சொன்னார்கள். பெரிய அதிகாரி யாராவது வந்து ரிப்பன் வெட்டிப் பிரிக்கட்டும், நாமாகப் பிரித்தால் மரியாதையாக இருக்காது என்று எல்லோரும் சேர்ந்துதான் முடிவு செய்தோம், நானும் தலையாட்டினேன். அவர் இன்றைக்கு வருகிறார், நாளைக்கு வருகிறார் என்று ரெண்டு ஆயுத பூஜை போய்விட்டது. ரெண்டு தடவையும் நானே அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைத்தேன். அதை ஒரு பிள்ளையும் பார்க்கவில்லை, ஒரு பாடமும் அது நடத்தவில்லை.

அப்படியானால் எப்படி ஏறியது என்று கேட்பாய். நம் பள்ளியில் பத்தாம் வகுப்பு எழுதுவதே பத்துப் பதினோரு பேர். கீழே விழுந்ததற்கு முந்தின வருஷம் எல்லோரும் பாஸ், வாசலில் ஃபிளெக்ஸ் வைத்தோம். மறு வருஷம் நாலு பேர் ஃபெயிலாகிவிட்டார்கள், ரெண்டு பேருக்குப் பரீட்சை நேரத்தில் காய்ச்சல், இருளாயி மகன் அப்பனைப் பறிகொடுத்தான், இன்னொருத்தன் எப்போதும் படிக்காதவன். நாலு பேர் போனதில் பள்ளியே மாவட்டத்தில் கடைசிப் பக்கம் போய்விட்டது. ஊரில் என்ன சொன்னார்கள் தெரியுமா, ஃபிளெக்ஸ் வைத்ததால் கண்ணு பட்டுருச்சு என்று கேட்டில் திருஷ்டிப் பூசணிக்காய் கட்டினார்கள். அந்த வருஷம்தான் டிவியும் வந்தது. அடுத்த பரீட்சைக்குக் காய்ச்சலும் இல்லை, சாவும் இல்லை, எல்லோரும் பாஸ். பேப்பர்க்காரர்கள் டிவியைச் சொன்னார்கள், பூசணிக்காயைச் சொல்லவில்லை, அது ஒன்றுதான் வித்தியாசம்.

முத்துமீனா டீச்சரால்தான் ஏறியது என்று நான் சொல்லவில்லை, அவள் வந்த வருஷம்தானே விழுந்ததும். ஆனால் கணக்கு நோட்டை ஒளித்து வைத்த பிள்ளைகள் இப்போது சாப்பாட்டு மணி அடித்த பிறகும் அவளைச் சுற்றி நிற்கிறார்கள், சோறு ஆறுகிறது என்று நான் கத்த வேண்டியிருக்கிறது. செய்யாத வேலைக்கு ஒரு டிவி பெயர் வாங்கிக்கொண்டு, அதனால் இந்தப் பிள்ளையின் வேலை போகும் என்றால் எனக்கு மனசு ஆறவில்லை. உன் மேல் கோபமா என்றால் இல்லை. நீ டெல்லியில் உட்கார்ந்திருக்கிறாய், பெட்டி பிரித்திருக்கிறதா இல்லையா என்று உனக்கு எப்படித் தெரியும். உன் மேலதிகாரி சீக்கிரம் கொடு, சீக்கிரம் கொடு என்று விரட்டியதையும் நீ அப்போதே சொல்லி அழுதாய். வேலை நிரந்தரமாகிற நேரத்தில் இதைச் சொன்னால் உனக்கு ஏதாவது இடைஞ்சல் வருமோ என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, அதை மறைக்கவில்லை.

ஹெச்.எம். சூரியபிரகாஷ் சாரிடம் கேட்டேன். அவர் நல்ல மனுஷன், முகம் சுருங்கிப்போய்விட்டது. டிவி உபயோகத்தில் இருக்கிறதா என்று மேலே இருந்து கேட்டபோது, "இல்லைன்னு சொன்னா திருப்பித் தூக்கிட்டுப் போயிருவாகன்னு பயந்து ஆமான்னுட்டேன்மா" என்றார். இப்படி எத்தனை பள்ளியில் எத்தனை பேர் பயந்து ஆமாம் சொன்னார்களோ. சரி, மற்றவர்கள் பிரித்துப் பார்த்தார்கள் என்றே வைத்துக்கொள், ரொம்பக் கீழே கிடந்ததாகப் பொறுக்கி எடுத்தால் அதில் பாதி தானாகவே மேலே வராதா. இது என் புத்தி இல்லை, போன தீபாவளிக்கு நீ அப்பாவிடம் சொன்னதுதான். முதுகுவலி தாங்க முடியாத அன்றைக்குத்தான் எழுமலை எண்ணெய் வைத்தியரிடம் ஓடுகிறீர்கள், மறுநாள் எப்படியும் குறையத்தான் செய்யும், போகாத நாளும் குறைகிறதா என்று பார்த்தீர்களா என்று கேட்டாயே. அவர் கோபித்துக்கொண்டு அதிரசம்கூடத் தொடவில்லை. டிவி கிடைக்காத பள்ளிகளிலும் அதே மாதிரி கீழே கிடந்ததெல்லாம் ஏறியதா என்று நீ பார்த்தாயா தாயி?

அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் ஒரு வாரமாகத் தயங்கினேன். நேற்றுச் சொல்லிவிட்டேன். பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "அவ சொன்ன மாதிரி நான் மூணு தடவ வைத்தியருட்ட போகாமப் பார்த்தேன், கொறையத்தான் செஞ்சுச்சு. வெக்கமா இருந்துச்சு, அதான் உங்கிட்டக்கூடச் சொல்லல" என்றார். அந்தக் கோபக்காரர் இப்படிச் சொல்லி இந்த முப்பது வருஷத்தில் நான் கேட்டதில்லை. "எம் மக தப்பா எழுதிருந்தா அவளே எந்திரிச்சு நின்னு சொல்லட்டும். அதும் பேப்பர்ல வரும்ல, அதையும் வெட்டி வச்சுக்கிருவேன்" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். நான் அடுப்படியில் நின்று அழுதேன், ஆனால் பாரம் இறங்கின அழுகை.

பெட்டியைப் படம் பிடித்து இதோடு வைத்திருக்கிறேன். டேப்பு அப்படியே இருப்பதும் மேலே குங்குமம் இருப்பதும் தெளிவாகத் தெரியும். கூட்டத்தில் வேண்டுமானால் காட்டு, நான்தான் கொடுத்தேன் என்று என் பெயரையே சொல், ஹெச்.எம். சாரும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். வேலைக்கு என்ன வந்தாலும் நம் வீட்டில் உனக்குச் சோறு இருக்கிறது. எண்ணெய் தேய்த்துக் குளி, காலையில் வெறும் டீயோடு ஓடாதே, ஸ்வெட்டரைப் பெட்டியில் வைத்துப் பூட்டாதே. முத்தாலம்மன் உனக்கு நல்ல புத்தியும் நல்ல தூக்கமும் கொடுக்கட்டும், நூறு வருஷம் நன்றாக இரு.

மறந்துவிடாதே, மதுரைக் கூட்டம் முடிந்ததும் நேராக ஊருக்கு வந்துவிட்டுத்தான் டெல்லி போக வேண்டும். பெரிய ஆள் வந்து பிரிக்கட்டும் என்றுதானே அந்தப் பெட்டியை வைத்திருந்தோம், அங்கே உண்மையைச் சொல்லிவிட்டு வந்தால் தமிழ்வாணியே வந்து பிரிக்கட்டும் என்று சார் சொல்லிவிட்டார். கத்திரிக்கோலை நான் எடுத்து வைத்துவிட்டேன்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா
ராக்கம்மாள்