படத்திலிருந்து இறங்கியவள்

9.7.2003, புதன்
காலையிலிருந்து மழை. தேயிலை மலைக்குப் போன தாய்மார் பிள்ளைக் காம்பராவில் இன்று என்னிடம் விட்டது பன்னிரண்டு பிள்ளைகள். மூன்றுக்குச் சளி. தொட்டில் சேலை ஒன்றும் காயவில்லை.

பள்ளிக்கூட நடன மிஸ் (யாழ்ப்பாணம்) கொழுந்துக் கூடை கேட்டு வந்தார். விழாவில் பிள்ளைகள் ஓவியங்களுக்கு உயிர் கொடுத்து ஆடப்போகிறார்களாம். கையில் ஒரு தபாலட்டை. டவுன் ஹோட்டலில் தொங்கும் அதே படம். பத்தொன்பது வயதில் நான். கொழும்பு ஓவியர் மூன்று நாள் நிற்க வைத்து வரைந்தது. பேர்கூடக் கேட்கவில்லை மனுஷன். 'மலையழகி' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

பார்த்துவிட்டுத் தபாலட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். கூடையைக் கொடுத்தேன்.

12.7, சனி
ஒத்திகை பார்க்கப் போனேன். ஆடுகிற பிள்ளை, படத்தில் உள்ளபடியே கூடைக் கயிற்றைத் தோளில் மாட்டி, ஒற்றைக் கையால் ஓர் இலையைக் கிள்ளிச் சிரிக்கிறாள். முடியழகு மறைகிறதென்று அந்த ஓவியர்தான் கயிற்றைத் தோளுக்கு இறக்கினார். அப்படிக் கொழுந்து எடுத்தால் கங்காணி விரட்டிவிடுவார். பொறுக்க முடியவில்லை.

"கயித்தத் தலையில போடு தாயி. ரெண்டு கையும் ஓடணும். சிரிக்கல்லாம் ஏது நேரம்?"

"படத்தில அப்பிடி இல்லையே அக்கா," என்றார் மிஸ்.

"படத்துல நிக்கிறதே நான்தாங்க மிஸ்."

பிள்ளையின் தோளிலிருந்து கூடையைக் கழற்றி என்னிடம் நீட்டினார். பிறகு, "அப்ப நீங்களே ஆடுங்கோ."

15.7, செவ்வாய்
வீட்டுக்காரர் ரா.: "நாப்பத்துமூணு வயசுல ஆட்டமா? லயத்து வரிசை வீடெல்லாம் சிரிக்கும்."

ஓவியர் முன்னால் சும்மா நின்றதற்கே அந்தக் காலத்தில் லயத்தில் என்னவெல்லாம் பேச்சு. ஆடிப் பேச்சு வாங்கினால் என்ன குறைந்துவிடும்? ஆடுகிறேன். முட்டிக்கு எண்ணெய். பச்சைச் சேலைக்கு ஊக்கு நாலு.

19.7, சனி
மாலை 3, விழா. மண்டபம் நிறைய ஆள். மேடையில் பெரிய மரச் சட்டத்துக்குள் நான், தோளில் கயிறு, அதே சிரிப்பு. மேளம் கேட்டதும் சட்டத்தைத் தாண்டிக் கால் வைத்தேன். கயிற்றைத் தலைக்கு ஏற்றினேன். இரண்டு கையும் ஓட ஓட, பின்னால் கூடைக்குள் வீச வீச, கீழே பெண்கள் கும்மிக்குத் தட்டுகிற மாதிரி கைதட்ட ஆரம்பித்துவிட்டார்கள். பயம் எங்கே போனதோ தெரியவில்லை.

முடிந்ததும் அறிவிப்பாளர் "மலையழகி!" என்றார். மைக்கை வாங்கிவிட்டேன்.

"மலையழகின்னு யாரும் கெடையாதுங்க. எம்பேரு செல்லம்மா. கீழ்ப்பிரிவு, நாலாம் லயம்."

ஒரே விசில். கடைசி வரிசையில் ரா. எழுந்து நிற்கிறார்! திரும்பி வரும்போது கூடையை அவரே தூக்கிக்கொண்டார். சந்தோஷம் தாங்கவில்லை.

20.7, ஞாயிறு
முட்டி வீக்கம். இருந்தாலும் ஹோட்டலுக்கு. நான், மிஸ், லயத்துப் பெண்கள் மூவர். வாசலில் காவலாளி தடுத்தார்.

"படத்துல இருக்கறவங்களே வந்திருக்காங்க, வழிய விடுங்க!" என்றாள் பக்கத்துக் காம்பரா வீட்டுப் பாக்கியம்.

சிங்கள மனேஜர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். படத்தில் என் பேரை ஒட்டக் கேட்டோம். "ஹரி, ஹரி," என்று சிங்களத்தில் சரி சொல்லித் தலையாட்டினார்.

மிஸ் கடதாசியில் என் பேரை எழுதப் போனார். பேனாவை வாங்கி நானே எழுதினேன். 'மலையழகி'க்கு மேலேயே ஒட்டினேன். பசை காயும்வரை ஐந்து பேரும் அங்கேயே நின்றோம்.