கைப்பையில் ஆன்டெனா ஒயர்

ஆகஸ்ட் 10, திங்கள்

மழை வருகிற மாதிரி இருந்து வரவில்லை. புழுக்கம். கொடியில் துணி இன்னும் ஈரம்.

கயலின் கணக்கு விடைத்தாள். ஐம்பதுக்குப் பதினொன்று. நான் தமிழ் எடுக்கிற பள்ளியிலேயே அவள் ஐந்தாம் வகுப்பு. அதனால் மதிப்பெண் வீட்டுக்கு வருவதற்குள் ஸ்டாஃப் ரூமுக்கு வந்துவிடுகிறது. கணக்கு எடுக்கும் ஸ்டெல்லா டீச்சர் எல்லோருக்கும் கேட்கும்படி, "டீச்சர் பொண்ணுன்னு விட்டுட முடியுமாங்க? வீட்ல டிவி ஜாஸ்தியோ?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நானும் சிரித்தேன். அடுத்த பீரியட் முழுக்கப் பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தேன்.

வீட்டுக்கு வந்தால் அதே காட்சி. கூடத்தில் தறி. குழியில் காலை விட்டபடி இவர், நெய்துகொண்டு. இவருக்கு முதுகுப் பக்கம், சுவர் அலமாரியில், டிவி. கயல் தறியைப் பிடித்துக்கொண்டு, இவர் தோளோரம் நின்றபடி டிவியைப் பார்த்துக்கொண்டு. உட்காரக்கூடத் தோன்றவில்லை. வாய் மட்டும் ஓயாமல் தொணதொண. புத்தகப் பை திறக்கப்படவே இல்லை. தமிழ் நிகழ்ச்சி முடிந்து இந்தித் தொடர் ஆரம்பித்தது. நகரவில்லை. ஒரு சொல் புரியாத மொழியை வாய் பிளந்து பார்க்கும் குழந்தை.

ஆன்டெனா ஒயரைப் பிடுங்கினேன். படம் போய்ப் புள்ளிப் புள்ளியாக.

இவர் கை நிற்கவில்லை. "இன்னா டீச்சரம்மா, பள்ளிக்கூடம் இன்னும் விடலியா?"

சிரிப்பு வரவில்லை எனக்கு.

இன்று முதல்:
1. டிவி கிடையாது.
2. தறிக்குப் பக்கத்தில் பாய். அப்பா கண் முன்னால் படிப்பு. வாய்ப்பாடு சத்தமாக, சமையலறைக்குக் கேட்கும்படி.
3. தம்பிக்கு டிவியைக் கொடுத்துவிடுவது.

மூன்றாவதை உடனே முடித்தேன். பூத்திலிருந்து போளூருக்குப் போன். "ஞாயித்துக்கிழமை வண்டியோட வாடா. டிவி உனக்கு." அவன் நம்பவில்லை. இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.


ஆகஸ்ட் 11, செவ்வாய்

கீரை. சோப்பு. கயலுக்கு ரிப்பன்.

ஒயர் என் கைப்பையில். வீட்டில் எங்கே ஒளித்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். சாக்பீஸ் எடுக்கக் கையை விட்டால் பாம்பு மாதிரி கையில் சுற்றுகிறது.

நான் கல்லூரிக்குப் படித்தது பஸ்ஸில். போளூரிலிருந்து வேலூர், நின்றுகொண்டே, ஒரு கை கம்பியில், ஒரு கை புத்தகத்தில். உழைப்பு என்றால் இன்றைக்கும் எனக்கு அந்தக் கம்பிதான். உள்ளங்கையில் அதன் வாடை. கயலுக்கு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கொடுத்தேன்?

மாலை. அடுப்பில் குழம்பு. கூடத்திலிருந்து இரண்டு சத்தங்கள் கலந்து. ஆறேழு நாற்பத்திரண்டு. டக். ஏழேழு நாற்பத்தொன்பது. டக். ஒரே அறையில் இரண்டு பேர் உழைக்கும் ஓசை. கரண்டியோடு நின்று கேட்டேன். வெகு நாளைக்குப் பிறகு, வீடு ஒரு ஒழுங்கில் இருப்பதாக.


ஆகஸ்ட் 12, புதன்

காலையில் கரண்ட் இல்லை. சட்னி அம்மியில்.

கயல் டிவி பற்றி வாயே திறக்கவில்லை. இன்று எட்டாம் வாய்ப்பாடு, சத்தமாக. இவர் சாப்பிடும்போது பேச்சில்லை. "காரமா?" "இல்ல." "உடம்பு முடியலையா?" "இல்லியே."

வெற்றி என்று எழுதலாம். எழுதத் தயக்கம்.


ஆகஸ்ட் 13, வியாழன்

கண் விழித்து வந்தால் இவர் பிரித்துக்கொண்டிருக்கிறார். நெய்வது இல்லை, பிரிப்பது. நெய்த பட்டிலிருந்து இழை இழையாக வெளியே. ஜரிகை நைந்துவிடாமல், மூச்சுக்கூட மெதுவாக விட்டு. முந்தாநாளும் நேற்றும் நெய்தது முழுவதும்.

"என்னாச்சுங்க?"

"ஒண்ணும் இல்ல. புட்டா கிட்ட கிட்ட வந்துட்டுது."

குனிந்து பார்த்தேன். மாம்பழ நிறத்தில் சின்னச் சின்னப் பூப் புட்டாக்கள். ஒரு வரிசைக்கும் அடுத்ததுக்கும் சம இடைவெளி இருக்க வேண்டும். ஓரிடத்தில் நெருங்கி, ஓரிடத்தில் விலகி. இவர் கையில் இப்படி நடந்து பார்த்ததே இல்லை.

"தூங்கிட்டீங்களா?"

"தூக்கம்னே வெச்சிக்கோ."

ஆவணி முகூர்த்தத்துக்கான புடவை. ஏற்கெனவே நாள் நெருக்கம்.

மாலை, கூடத்தில் தறிச் சத்தம் மட்டும். எட்டிப் பார்த்தேன். கயல் பாயில், உதடு அசைகிறது, குரல் இல்லை.

"சத்தமா படி."

தலையை ஆட்டினாள். மாட்டாளாம்.

"ஏன்?"

இவர் முதுகைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். டிவியைப் பிடுங்கியதற்குப் பழிவாங்கல் என்று நினைத்தேன். சத்தமாகப் படிக்காவிட்டால் சோறு இல்லை என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாயை மூடுவதற்குள் தெரிந்தது, இவள் என் பெண், சாப்பிட மாட்டாள்.

சாப்பிடவில்லை. இவர்தான் குழியிலிருந்து எழுந்து வந்தார். "படிச்சிகினுதான இருக்கறா. உதடு ஆடுது பாரு." தட்டில் சோறு போட்டுப் பிசைந்து ஊட்டினார். பத்து வயதுப் பெண், இவர் கையால் ஒவ்வொரு வாயாக. அழுதுகொண்டே மென்றாள்.

நான் பின்கட்டில், கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவியபடி.


ஆகஸ்ட் 14, வெள்ளி

பெரிய விஷயம் ஒன்றுமில்லை. பெரிய விஷயம்தான்.

ஸ்டெல்லா டீச்சர் இடைவேளையில் ஓடி வந்தாள். "உங்க பொண்ணு இன்னிக்கு ஏழும் எட்டும் தப்பில்லாம சொல்லிட்டாங்க. ஆனா குசுகுசுன்னு, ரகசியம் சொல்ற மாதிரி. வாயத் தொறந்து சொல்லுடின்னேன். சத்தமா சொன்னா எங்கப்பா எண்ணிக்கை தப்பிடும் டீச்சர்னு அழறா. உங்க வீட்டுக்காரர் அப்படி இன்னாதாங்க எண்றாரு?"

ஒரு புட்டாவுக்கும் அடுத்த புட்டாவுக்கும் நடுவில் வெறும் இழை. அதை இவர் மனசுக்குள் எண்ணித்தான் ஓட்டுகிறார். எழுதி வைப்பதில்லை, அளவுகோல் வைப்பதில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷம் அதே அறையில் நடமாடுகிறேன். நான் பெருக்கிக்கொண்டு போகும்போதுகூட இவர் உதட்டுக்குள் ஏதோ எண் இருந்திருக்கிறது. அந்தக் காதோரம் கொண்டுபோய் ஒரு குழந்தையை உட்கார வைத்து, கத்து என்றேன். இவர் இருபதில் இருப்பார், அவள் நாற்பத்தொன்பது என்பாள்.

தறியை நிறுத்தி இவர் தண்ணீர் குடிக்கும்போது போய் நின்றேன்.

"முதல்லயே சொல்லியிருக்கலாமே."

"புள்ள படிக்குது. வாய மூடுன்னு எப்பிடி சொல்றது?"

"அவளுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"பிரிச்சிகினு இருந்தப்ப வந்து நின்னா. ஏன்பான்னா. ஒண்ணுமில்லன்னேன். பாயப் பாத்தா, புட்டாவப் பாத்தா, போய்ட்டா."

"டிவி ஓடினப்ப மட்டும் தப்பலையா?"

"கதையில நம்பர் எங்க வருது? காது அது பாட்டுக்குக் கேக்கும், வாய் இது பாட்டுக்கு எண்ணும்." சொம்பைக் கவிழ்த்து வைத்தார். "எனக்கு அந்தப் பொட்டி முதுகுப் பக்கம். திரும்பினா கை நின்னுடும். வாங்கினதுலேர்ந்து ஒரு நாள் நான் பாத்ததில்ல. இவதான் பாத்துப் பாத்துச் சொல்லுவா. இப்ப கதவத் தொறக்கறான், இப்ப மொறைக்கிறான், இப்ப ஒளிஞ்சிகினான்னு. சாயங்காலம் ஆனா இடுப்பு வலி பேஜாரா இருக்கும். இவ சொல்ல ஆரம்பிச்சா தெரியாது."

தொணதொண என்று எழுதியிருக்கிறேன் திங்கட்கிழமை. அடிக்கவில்லை அதை. இருக்கட்டும்.


ஆகஸ்ட் 15, சனி

பள்ளியில் கொடியேற்றம். தூறல். ஆரஞ்சு மிட்டாய், ஆளுக்கு ஒன்று. கயல் தன்னுடையதை இவருக்குக் கொண்டுவந்தாள், பாதி கரைந்து.

ஐம்பதுக்குப் பதினொன்று பதினொன்றாகவேதான் இருக்கிறது. நெகிழ்ந்துவிட்டால் கணக்கு வந்துவிடாது. புதிய ஏற்பாடு: விடியற்காலை, பின்கட்டில், துவைக்கும் கல் மேல் அவள். நான் துணி கும்மும் நேரம் வாய்ப்பாடு. எவ்வளவு சத்தம் வேண்டுமானாலும். இன்றே ஆரம்பம். ஒன்பதில் இடறினாள். நானும் இடறினேன்.

இடையில் கேட்டாள். "நாளைக்கு மாமா டிவிய எடுத்துகினு போயிடுவாராம்மா?"

"ஆமா."

கொஞ்ச நேரம் நுரையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"அப்பறம் அப்பா இன்னாம்மா பண்ணுவாரு?"

தனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. துணியைப் பிழிந்தேன், பிழிந்ததையே.

தம்பிக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. ஸ்டாஃப் ரூமிலும் சொல்லியாகிவிட்டது, டிவியை வீட்டை விட்டே அனுப்புகிறேன் என்று. ஸ்டெல்லா கை குலுக்கினாள். இப்போது பின்வாங்கினால் என்ன பெயர்? நடத்தையில் உறுதி என்று வகுப்பில் பக்கம் பக்கமாக எழுதிப்போடுகிறவள்.


ஆகஸ்ட் 16, ஞாயிறு

வெயில். தம்பி மதியம் வந்துவிட்டான். யாருடையதோ மினி லாரி, சுற்றுவதற்குப் பழைய கம்பளி, கட்டக் கயிறு. டிவியைத் தூக்கக் குனிந்தவன், "அக்கா, இந்த ஒயர் எங்க?"

கைப்பையைத் திறந்தேன். ஒயரை எடுத்தேன். அவனிடம் நீட்டவில்லை.

"தர்றதில்ல."

"ஒயரா?"

"டிவி."

கயிறோடு அப்படியே உட்கார்ந்துவிட்டான். "போளூர்ல ஸ்டூல் போட்டு, துணி விரிச்சு, பூச்சாடி வெச்சிகினு உக்காந்திருக்கறா ஒருத்தி. அவளுக்கு நான் இன்னா சொல்றது?"

"அக்கா பேச்சு மாறிட்டான்னு சொல்லு."

"அது அவளுக்குத் தெரிஞ்ச விஷயம்தான். டிவிக்கு இன்னா சொல்றது?"

தறிப் பக்கத்திலிருந்து இவர், நீண்ட நாள் கழித்து, வாய்விட்டுச் சிரித்தார். மீன் குழம்பு ஊற்றிச் சமாதானம் செய்தேன். மூன்று முறை சோறு வாங்கினான். காலி வண்டியில் கம்பளி மட்டும் போனது. திங்கட்கிழமை ஸ்டெல்லாவிடம் நானே சொல்லிவிட வேண்டும்.

மாலை ஒயரைச் செருகினேன். இந்தித் தொடர். கயல் தன் இடத்தில், இவர் தோளோரம். நான் பூண்டு உரித்துக்கொண்டு சமையலறை வாசலில். முதல் தடவையாக உட்கார்ந்து கேட்கிறேன்.

கல்லூரி நாளில் இந்திப் பரீட்சை இரண்டு எழுதியவள் நான். பெரும்பாலும் புரிகிறது. ஆஸ்பத்திரி. தொடரில் வரும் மூத்த அண்ணன் கட்டிலில். இவருக்கு அந்த அண்ணன் மேல் தனிப் பிரியமாம், வாரம் முழுக்க விசாரிப்பாராம். டாக்டர் ஏதோ சொல்கிறார். வெள்ளைத் துணி முகத்தின் மேல் ஏறுகிறது. ஒரு பெண் சுவரில் கையை மோதி வளையலை உடைக்கிறாள்.

கயல் கதை சொல்வதை நிறுத்திவிட்டாள்.

"இன்னா ஆச்சும்மா? சொல்லு." இவர் இழைகளுக்கு நடுவே நாடாவைத் தள்ளியபடி.

"டாக்டர் வந்துட்டாருப்பா. போர்வ போத்தறாரு."

"ஏன்?"

"குளுருதாம். நல்லா தூங்கறாரு."

அழுகைச் சத்தம் அறை முழுக்க. அதை அவளால் மறைக்க முடியாது.

"அது ஏன் அழுவுது?"

"காய்ச்சல் வுட்டுச்சில்லப்பா. சந்தோஷத்துல."

தறி நின்றது. இவர் திரும்பவில்லை. தலையைக் கொஞ்சம் என் பக்கம் சாய்த்து, "டீச்சரம்மா, நீயும்தான பாத்துகினு இருக்கற. பொழச்சிட்டானா?"

கயல் என்னைப் பார்த்தாள்.

"பொழச்சிட்டாரு" என்றேன். "கஞ்சி கேக்கறாரு."