பேரம் பேசக் கூடாத வேலை

அக்காவுக்கு,

நீ லீவு போட்டு வந்து அப்பாவிடம் பேச வேண்டியதில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது.

பொருளாதாரம் படித்தால் பேங்க் வேலை என்று அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். கிடைத்த பேங்க் வேலையை வேண்டாமென்றுவிட்டுப் புள்ளியியல் துறையில் சேர்ந்ததை நான் எப்படிச் சொல்வது? பேங்குக்குப் போகிறவள் போலவே தினமும் கிளம்பினேன்.

இன்று மாலை, சந்தையில் கடைசிக் கடை. வாராவாரம் அதே கடைகளில் விலை கேட்டுக் குறிப்பதுதான் என் வேலை. விலைவாசி ஏறியதா, இறங்கியதா என்பதை அதை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். தக்காளி விலையைக் கேட்டேன். கடைக்காரம்மா சொன்னாள். பின்னாலிருந்து அப்பாவின் குரல்.

“என்னம்மா, ஏமாந்த பொண்ணுன்னு நெனச்சியா? பாதி விலைக்குக் கொடு.”

அவள் உடனே விலையில் இறங்கி வந்தாள். நான் பதறிவிட்டேன்.

“பேரம் பேசாதீங்கப்பா! என் கணக்கே கெட்டுடும்.”

“இங்க உனக்கு என்னடி கணக்கு? பேங்க் என்னாச்சு?”

“சேரலைப்பா. இதுதான் வேலை.”

“உங்க பொண்ணா சார்?” என்றாள் கடைக்காரம்மா. “வாராவாரம் விலை கேக்குது, ஒரு தக்காளி வாங்கினதில்லை!”

அப்பா விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார்; நான் பின்னாலேயே ஓடினேன். உள்ளே நுழைந்ததும் அம்மாவிடம் சொன்னார்:

“இவ வேலையில பேரமே பேசக் கூடாதாம். உன் வயித்துல பொறந்துட்டு எப்படித்தான் தாங்குறாளோ!”

கோபமிருந்தால் அவர் கேலி பேச மாட்டார். உனக்குத் தெரியாததா?

வெகுநாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்ட,
உன் தங்கை